மணியடிச்சா சாப்பாடு!

காலை பத்தரை மணி. பெரியவள் பின்னக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். சின்னவன் தமிழ்ப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே காக்காயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு, ஒரு காதைக் குக்கர் விசிலுக்கும் இன்னொரு காதைக் கணக்குக்கும் கொடுத்துவிட்டு நிற்கிறீர்கள். அப்போது வருகிறது அந்தக் குரல்...

"அம்மா, பசிக்குது!"

எட்டரை மணிக்குத்தானே நாலு இட்லி உள்ளே போயிற்று! அதற்குள்ளேயா? சரி, பாடம் நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று டப்பாவைத் திறந்து நாலு பிஸ்கட்டை எடுத்துக் கொடுக்கிறீர்கள். ஒரு மணிக்குத் தட்டில் சாதத்தைப் போட்டால், "வேணாம்மா, வயிறு ஃபுல்லா இருக்கு." மூன்று மணிக்கு மறுபடியும், "அம்மா, பசிக்குது!"

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லித் தரும் குடும்பங்கள் நம் ஊரிலும் இருக்கின்றன. 14 வயது ஆனதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுத வைக்கலாம் என்ற தைரியத்தில் நாங்களும் இறங்கினோம். எந்தப் புத்தகம், எந்தப் பாடம், எப்போது தேர்வு என்று ஆலோசனை சொல்ல ஆயிரம் பேர் வந்தார்கள். சமையலறையைப் பற்றி மட்டும் ஒருத்தர்கூட மூச்சு விடவில்லை! (கோடை விடுமுறையில் இரண்டு மாதம் இதே கதைதானே என்கிறீர்களா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கும்தான்.)

பள்ளிக் கட்டணம் மிச்சம், வேன் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டுத்தான் ஆரம்பித்தோம். மூன்றாவது மாதம் மளிகை பில்லைப் பார்த்ததும் பகீரென்றது. பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்து, கூடியிருந்த சாமான்களைச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டேன். அரிசி ஏறக்குறைய அதே அளவு. துவரம்பருப்பு அதே அளவு. எண்ணெய் கொஞ்சம் கூடுதல். சிவப்புக் கோடு விழுந்ததெல்லாம் பிஸ்கட், ரஸ்க், நூடுல்ஸ், சிப்ஸ், பாலில் கலக்கும் சத்து மாவு என்று பெயர் வைத்த சர்க்கரைப் பொடி! அதுபோக, "இன்னிக்கு முடியலைப்பா" என்று ஹோட்டலில் வாங்கிய பார்சல்கள்.

அதாவது, மூன்று வேளைச் சாப்பாட்டில் செலவு கூடவேயில்லை. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் காசு ஓடியிருந்தது. உங்கள் பில்லையும் ஒரு தடவை இப்படிப் பார்த்துவிடுங்கள். அரைமணி நேர வேலைதான்.

பள்ளிக்கூடத்தில் இருப்பது, நம் வீட்டில் இல்லாதது

'மணியடிச்சா சோறு' என்று ஜெயிலைத்தான் கிண்டலாகச் சொல்வார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். பள்ளியில் அதே பிள்ளைக்குப் பத்தரை மணிக்குப் பசிப்பதில்லை. பசித்தாலும் இன்டர்வெல் வரை பொறுத்துக்கொள்கிறது. காரணம் மணி! அடுத்த சாப்பாடு எப்போது என்று பிள்ளைக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நம் அரசுப் பள்ளிச் சத்துணவைப் பாருங்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் விரிவாகத் தொடங்கிய திட்டம். இன்றைக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை இந்தக் கிழமைக்கு இந்தச் சாதம் என்று பட்டியல் போட்டு, கொண்டைக்கடலை, பயறு, முட்டை எல்லாம் அதில் வந்துவிடுகிற மாதிரி செய்கிறார்கள். அந்தச் சமையல்கார அம்மா காலையில் எழுந்து "இன்னிக்கு என்ன பண்றது?" என்று மோவாயில் கை வைத்து நிற்பதில்லை. நாம்தான் நிற்கிறோம். அப்படி நிற்கிற பத்து நிமிஷத்தில்தான் பார்சல் சாப்பாட்டு எண்ணம் வருகிறது.

ஆகவே இரண்டு காரியம். முதலில் மணி, பிறகு பட்டியல்.

எங்கள் வீட்டில் மணி எட்டரை, பதினொன்று, ஒன்று, நாலரை, ஏழரை. இந்த ஐந்துக்கும் நடுவில் தண்ணீர் மட்டும்தான். (பூஜை மணியை எடுத்து அடித்துவிடாதீர்கள், மாமியாரிடம் பேச்சு வாங்க வேண்டும்! எங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் தட்டுவதுதான்.) முதல் வாரம் அழுகை, சிணுங்கல் எல்லாம் இருக்கும். இரண்டாவது வாரம் குறையும். பதினோரு மணிக்கு நிச்சயமாக ஏதோ வரப்போகிறது என்று நம்பிக்கை வந்துவிட்டால் பத்தரை மணிப் பசி பாதி குறைந்துவிடும். நீங்கள் ஒரு நாள் ஏமாற்றினால் எல்லாம் போச்சு. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தக் கண்டிப்பு வேண்டாம். அதன் வயிறு சின்னது.

பதினோரு மணியிலிருந்து ஆரம்பியுங்கள்

பெரும்பாலும் நாம் மதியச் சாப்பாட்டை முதலில் யோசிப்போம். பிறகு டிபன். ஸ்நாக்ஸை யோசிக்கவே மாட்டோம், அது கடையில் இருக்கிறதே! இதைத் தலைகீழாக மாற்றுங்கள். பதினோரு மணியையும் நாலரை மணியையும் முதலில் எழுதுங்கள். காசும் சத்தும் அங்கேதான் ஓட்டையாகிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஏழிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவையான புரதம் 23 கிராம். பத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு 33 கிராம். (இது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட அளவு.) நாலு பிஸ்கட்டில் ஒன்றரை, இரண்டு கிராம் புரதம் இருந்தால் அதிகம், மீதியெல்லாம் மைதா, சர்க்கரை, எண்ணெய். அதே இடத்தில் 30 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை, அதாவது ஒரு சின்னக் கைப்பிடியை, ஊறவைத்துச் சுண்டல் செய்தால் ஏறக்குறைய 6 கிராம் கிடைக்கிறது. ஒரு முட்டையில் இருப்பதும் அவ்வளவுதான்! அதோடு சுண்டல் சாப்பிட்ட வயிறு ஒரு மணிவரை பேசாமல் இருக்கும். பிஸ்கட் சாப்பிட்ட வயிறு அரைமணியில் மறுபடி கத்தும்.

எங்கள் பதினோரு மணிப் பட்டியல் இது. திங்கட்கிழமை கறுப்புக் கொண்டைக்கடலை சுண்டல். செவ்வாய், உப்புப் போட்டு வேகவைத்த வேர்க்கடலை. புதன், முளைகட்டிய பாசிப்பயறில் கேரட் துருவல், எலுமிச்சைச் சாறு. வியாழன், ஊறவைத்த அவலில் வெல்லமும் வாழைப்பழமும். வெள்ளி, காராமணிச் சுண்டல். சனிக்கிழமை பொரியும் பொட்டுக்கடலையும். இதில் எதுவுமே புதுசு இல்லை, பாட்டி காலத்துச் சமாசாரம்தான். முந்தின ராத்திரி ஊறப்போட மறந்தால் மட்டும்தான் திண்டாட்டம். அதனால் அந்த வேலையைப் பெரியவளிடம் விட்டுவிட்டேன். படுக்கப் போகும்முன் பட்டியலைப் பார்த்து ஊறப்போடுவது அவள் பொறுப்பு. பாசிப்பயறு மட்டும் திங்கள் ராத்திரியே ஊற வேண்டும். செவ்வாய் காலை தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டினால் புதன் காலை வால் முளைத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் முழு வேர்க்கடலையும் முழுக் கடலையும் கையில் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். மசித்தோ பொடித்தோதான் கொடுக்க வேண்டும்.

நாலரை மணிக்குக் கேழ்வரகு. வாரம் மூன்று நாளாவது! 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது; அரிசியோ கோதுமையோ கிட்டே வர முடியாது. முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடையாகத் தட்டலாம். வறுத்த மாவில் வெல்லமும் வேர்க்கடலைப் பொடியும் சேர்த்து உருண்டை பிடித்தால் நாலு நாள் இருக்கும். மற்ற நாட்களில் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கொய்யா, ஒரு டம்ளர் பால்... இவற்றில் எது மலிவோ அது.

மாவும் பருப்பும்

இப்போது மற்ற மூன்று வேளை. இதற்கு இரண்டே தூண்கள்தான்: இட்லி மாவு, வேகவைத்த பருப்பு.

வாரம் இரண்டு தடவை மாவரைப்பு. ஞாயிறு மாலை ஒன்று, புதன் மாலை ஒன்று. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, புளிப்பேறிய மூன்றாம் நாள் வெங்காயம் போட்டுப் பணியாரமோ ஊத்தப்பமோ. ரேஷன் புழுங்கல் அரிசியைக் கலந்தாலும் இட்லி நன்றாகவே வரும். கௌரவம் பார்க்காதீர்கள்! பாக்கெட் மாவு வாங்குவது அவசரத்துக்குச் சரி; வாரா வாரம் வாங்கினால் பட்ஜெட் தாங்காது.

பருப்பை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேகவையுங்கள். இரண்டு நாளுக்கு வேண்டியதை ஒரே குக்கரில் மஞ்சள்தூள் போட்டு வேகவைத்து, பாதியை அன்றைக்குச் சாம்பாராக்கிவிடுங்கள். மீதியை உப்பு, புளி சேர்க்காமல் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். அடுத்த நாள் அது கீரைக்கூட்டு, பருப்பு ரசம். நன்றாகக் கொதிக்கவிட்டே பரிமாறுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே கிடந்த பருப்பை நம்பக் கூடாது.

பாடம் நடக்கும் நாட்களில் மதியத்துக்கு ஒரு குழம்பு, ஒரு காய், மோர். அவ்வளவுதான். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் வைத்தால்தான் நல்ல அம்மா என்று யார் சொன்னது? புதன்கிழமை எங்கள் வீட்டில் சத்துணவு நாள். கறிவேப்பிலை சாதமோ தக்காளி சாதமோ ஒரே பாத்திரத்தில் செய்து, ஆளுக்கு ஒரு முட்டை. முட்டை சாப்பிடாத வீடென்றால் சாதத்திலேயே கொண்டைக்கடலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் தயிர். இரவுக்கு மாவு இருந்தால் தோசை, இல்லாவிட்டால் சப்பாத்தி. தொட்டுக்கொள்ள மதியக் கூட்டு.

மாதச் சாமான் எவ்வளவு?

பெரியவர்கள் இருவர், ஏழும் பதினொன்றும் வயதான பிள்ளைகள் இருவர்... இதுதான் எங்கள் வீடு. பல மாதம் கூட்டிக் குறைத்துக் கடைசியில் நின்ற அளவு இது. சாப்பாட்டரிசி 10 கிலோ, இட்லி அரிசி 6 கிலோ, கோதுமை மாவு 5 கிலோ, கேழ்வரகு மாவு 2 கிலோ, அவலும் ரவையும் சேர்த்து 1 கிலோ. ஆக, தானியம் 24 கிலோ. துவரம்பருப்பு இரண்டரை, உளுந்து 2, பாசிப்பயறும் காராமணியும் சேர்த்து ஒன்றரை, கறுப்புக் கொண்டைக்கடலை 1, பொட்டுக்கடலை அரை, கடலைப்பருப்பு அரை. ஆக, பருப்பு வகை 8 கிலோ. வேர்க்கடலை தனியாக ஒரு கிலோ.

24-க்கு 8, அதாவது மூன்றுக்கு ஒன்று. இது தற்செயல் இல்லை. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் தானியமும் பருப்பும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்தால் நல்ல தரமான புரதம் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். (அந்த நிறுவனம் 1918-ல் பெரிபெரி நோயை ஆராய நம் குன்னூரில்தான் தொடங்கியது! 1958-ல்தான் ஹைதராபாத் போனது.) அரிசியில் குறைவாக இருக்கும் சத்துக்கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவாக இருப்பது அரிசியில் இருக்கிறது. பல வீடுகளில் மளிகைப் பட்டியலைப் பார்த்தால் இந்த விகிதம் ஆறுக்கு ஒன்றுகூட இருக்காது. 'பருப்பு விலை ஏறிப்போச்சு' என்று சாம்பாரைத் தண்ணீராக்கிவிட்டு, அந்தக் காசை பிஸ்கட்டில் விடுகிறோம். எங்கள் பில்லில் சிவப்புக் கோடு போட்டவற்றை நிறுத்தியதும், இந்த 8 கிலோ பருப்பை வாங்கியும் கையில் மிச்சம் நின்றது.

காய்கறிக்கு வாரம் ஒரு தடவை உழவர் சந்தை. 1999-ல் மதுரையில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் வந்தவை இவை. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப்போட்டிருப்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள். என்ன வாங்குவது என்று முன்கூட்டி முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். பட்டியலில் 'காய்' என்று மட்டும் இருக்கட்டும். பலகையில் எது மலிவோ அதுதான் அந்த வாரக் காய். கீரை மட்டும் வீட்டுக்குப் பக்கத்தில் அவ்வப்போது வாங்கிக்கொள்ளலாம்.

சந்தைக்குப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அது லீவு இல்லை, வகுப்பு! பலகையைப் பார்த்து முக்கால் கிலோ கத்தரிக்காய்க்கு எவ்வளவு என்று சொல்லட்டும். எங்கள் பெரியவளுக்குப் பின்னம் புரிந்தது அங்கேதான், புத்தகத்தில் இல்லை. ஒரு நாள் சிப்ஸ் கேட்டபோது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். 25 கிராம் 10 ரூபாய் என்றால் ஒரு கிலோ என்ன விலை? நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, "நானூறு ரூபாயாம்மா!" என்று வாயைப் பிளந்தாள். பக்கத்துக் கூடையில் உருளைக்கிழங்கு விலையை அவளே போய்ப் பார்த்தாள். மாவு ஏன் பொங்குகிறது என்பது சின்னவனுக்கு ஒரு வார அறிவியல் பாடம். நுண்ணுயிர்கள் மாவைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன என்று சொன்னதும், "அப்ப இட்லிக்குள்ள இருக்கிற ஓட்டையெல்லாம் அதுங்க விட்ட மூச்சா?" என்றான். அன்றிலிருந்து இட்லி தின்ன முகம் சுளிப்பான் என்று பயந்தேன், நல்லவேளை அப்படி நடக்கவில்லை.

உங்கள் தட்டு எங்கே?

இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

முதல் வருஷம், ஒரு மதியம் கரும்பலகைக்கு முன்னால் நின்றிருந்தவள் கண்ணை இருட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சின்னவன் அழுகிறான். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6! கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும்.

"நேத்திக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார் டாக்டர் அம்மா. பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று வரிசையாகச் சொல்ல முடிந்தது. கணவருக்கு டப்பாவில் என்ன கட்டினேன் என்றும் சொல்ல முடிந்தது. என்னுடையது? யோசித்துப் பார்த்தால், மூன்று டம்ளர் காபி, பிய்ந்துபோன இரண்டு தோசை, மூன்று மணிக்கு நின்றுகொண்டே வழித்துச் சாப்பிட்ட ரசம் சாதம். கீரை எல்லோருக்கும் வைத்தேன், எனக்கு வரும்போது தீர்ந்திருந்தது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களில் எத்தனை பேர் என்னைப்போல மற்றவர்களுக்குக் கீரை பரிமாறிவிட்டு நின்றவர்களோ!

8.6 என்கிற அளவுக்குப் போய்விட்டால் முருங்கைக்கீரையால் மட்டும் சரிக்கட்ட முடியாது. டாக்டரைப் பார்த்துக் காரணத்தைத் தெரிந்துகொண்டு, அவர் சொல்கிற நாள் வரை இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். நான் நாலு மாதம் சாப்பிட்டேன். கூடவே சில மாற்றங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ கிடையாது. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் அவை தடுக்கின்றன. கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ கட்டாயம். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்க உதவும். சுண்டலில் எலுமிச்சை பிழிவது ருசிக்காக மட்டும் இல்லை, தெரிகிறதா?

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், மணி எனக்கும் சேர்த்து அடிக்க ஆரம்பித்தது. பதினோரு மணிச் சுண்டல் மூன்று கிண்ணம். ஒரு மணிக்கு மூன்று தட்டு ஒன்றாக வைத்து, மூன்றிலும் பரிமாறிய பிறகுதான் சாப்பிட உட்கார வேண்டும் என்று சட்டம். டம்ளரில் தட்டுவது சின்னவன் வேலை. நான் அடுப்படியில் எதையாவது நோண்டிக்கொண்டிருந்தால், "மணி அடிச்சாச்சும்மா, கரண்டியக் கீழ வை!" என்பான். கடைசியாகப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 11.8. பன்னிரண்டை இன்னும் தொடவில்லை.

திட்டம் கவிழும் நாட்கள்

பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து விருந்தாளி, மிக்ஸி ரிப்பேர்... மாதத்தில் நாலைந்து நாள் பட்டியல் கவிழத்தான் செய்யும். அதற்கென்று ஒரு தட்டில் தனியாக வையுங்கள்: வறுத்த ரவை, அவல், பருப்புப்பொடி, பூண்டு ஊறுகாய், அரை கிலோ பொட்டுக்கடலை. வறுத்த ரவை இருந்தால் கால் மணியில் உப்புமா. பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் இருந்தால் வெறும் சாதம் போதும். இந்தத் தட்டிலிருந்து எடுத்ததை அடுத்த முறை சாமான் வாங்கும்போது நிரப்பிவிட வேண்டும். அதை மறந்தால் பார்சல் கடைதான்.

அன்றைக்கு நூடுல்ஸ்தான் வேண்டும் என்று இரண்டும் சேர்ந்து பிடிவாதம் பிடித்தால்? கொடுத்துவிடுங்கள். இரண்டு பாக்கெட்டுக்குப் பதில் ஒரு பாக்கெட், மீதி இடத்துக்குக் கேரட், பட்டாணி, உடைத்து ஊற்றிய ஒரு முட்டை. மசாலாவில் பாதி போதும்.